கேட்டதை மட்டும் எழுது

அன்புள்ள ஐயா,

நவம்பரில் நடந்த சிக்யூ வேர்ல்ட் வைட் சிடபிள்யூ என்ற அமெச்சூர் ரேடியோ மோர்ஸ் போட்டியில் கலந்துகொண்டேன். தொடர்புகளைப் பதிவுசெய்யும் லாகிங் மென்பொருள் வழியாக என் ஸ்கோர் இணையத்தில் உள்ள நேரலை ஸ்கோர் பலகைக்குப் போய்க்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் இரவு என் பிரிவில் இந்திய நிலையங்களில் 3ஆம் இடம்! திரையைப் படமெடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அந்த வேகத்தில், சரியாகக் கேட்காத சில கால்சைன்களை (நிலையங்களின் அடையாள எழுத்துகளை) மென்பொருள் காட்டிய, தெரிந்த கால்சைன்களின் பட்டியலைப் பார்த்துப் போட்டேன். இறுதி முடிவில் வெகுவாக இறங்கிவிட்டேன். நேரலையில் காட்டினால் நம் உத்தி எதிராளிக்குத் தெரிந்துவிடும் என்கிறார் கிளப் மூத்தவர் ஒருவர். அடுத்த முறை ஸ்கோரை நேரலையில் அனுப்பலாமா?

கே.

அன்புள்ள கே.,

உத்தியை விட்டுத்தள்ளுங்கள். நாம் எந்த பேண்டில் (அலைவரிசைப் பகுதியில்) கூப்பிடுகிறோம் என்று உலகத்துக்கே கேட்கிறது.

நீங்கள் இறங்கிவிடவில்லை. அந்த இடத்துக்கு ஏறவே இல்லை. பலகையில் ஓடுவது நாம் கோரும் புள்ளி, அவ்வளவுதான். லாக், அதாவது தொடர்புப் பதிவேடு, அனுப்பிய பிறகு, எதிர்முனையில் இருந்தவர் எழுதியதோடு போட்டி நடத்துபவர்கள் ஒப்பிடுகிறார்கள். ஓரெழுத்து பிசகினால் அந்தத் தொடர்பு போகும், தண்டமும் விழும். ஐரோப்பிய நிலையம் என்றால் நமக்கு அது 3 புள்ளி. அந்த பேண்டில் அந்த நாட்டோடு உங்களுக்கு இருந்த ஒரே தொடர்பு அதுதான் என்றால், மொத்தப் புள்ளியைப் பெருக்கித் தரும் மல்டிப்ளையரும் போச்சு.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் காகிதத்தில் லாக் எழுதிய காலத்து ஆள். முடிவு பத்திரிகையில் வர மாதக்கணக்காகும். ஒரு விடியற்காலை, 40 மீட்டர் பேண்டில் மெலிந்த சிக்னல் ஒன்று மங்கி மங்கி வந்தது. கடைசி எழுத்து மோர்ஸில் மூன்று குற்றொலியா, நான்கா? எஸ்ஸா, எச்சா? பின்னால் வேறு நிலையங்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. அவரோ, மறுபடி சொல்லுங்கள் என்று கேட்கும் கேள்விக்குறியைத் திரும்பத் திரும்ப அடித்தார். "எச்சாத்தான் இருக்கும்ணா" என்றேன். "இருக்கும்னு எழுதக் கூடாதுடா. கேட்டதை எழுது." பென்சில் முனை தாளைத் தொடாமல் மேலேயே நின்றது. ஐந்தாறு முறைக்குப் பிறகுதான் எஸ் என்று எழுதினார்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? அந்தப் பக்கம் ஒருவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு தன் கால்சைனை உங்களுக்காக அடித்துக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்காமலே கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது அவரை அவமதிப்பது. பட்டியல் இருப்பது சந்தேகம் வந்தால் இன்னொரு முறை கேட்பதற்கு. கேட்காமல் தப்பிக்க அல்ல. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்: காது சொல்லாததைக் கை எழுதக் கூடாது.

பலகை மேல் எனக்குக் கோபமில்லை. 48 மணி நேரப் போட்டியில் தனியறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு, இன்னும் எத்தனையோ பேர் விழித்திருக்கிறார்கள் என்று அது காட்டுகிறதே, பெரிய துணை. நீங்கள் இரண்டு இரவும் மோர்ஸ் சாவியை விடாமல் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். அந்த உழைப்பை இப்படி வீணாக்கலாமா?

லாக் சரிபார்ப்பு அறிக்கையை எடுங்கள். தவறிய ஒவ்வொரு கால்சைனுக்கும் பக்கத்தில் நேரத்தைக் குறியுங்கள். எத்தனை அந்தப் படத்தை அனுப்பியதற்குப் பிறகு விழுந்தவை என்று எண்ணிவிட்டு எனக்கு எழுதுங்கள். ஸ்கோர் அனுப்புவதைப் பற்றி அப்புறம் பேசுவோம்.