பாஸ்டன் நகரின் தொடக்க வரலாற்றில் யாரை அவசியம் அறிந்துகொள்ள வேண்டும்?

அமெரிக்காவின் முதல் பொதுப்பள்ளி (1635), முதல் கலங்கரை விளக்கம் (1716) என்று இந்தத் துறைமுக நகருக்குப் பெருமைகள் பல. சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல் பிறந்ததும் இங்கேதான். ஆனால் நான் முதலில் சொல்வது ஒனீசிமஸ் என்ற பெயரைத்தான். ஆப்பிரிக்காவில் பிறந்து பாஸ்டனில் அடிமையாக வாழ்ந்தவர். அந்தப் பெயர்கூட எஜமானரான பாதிரியார் காட்டன் மேதர் சூட்டியதே. பெரியம்மைக் கொப்புளத்தின் சீழைத் தோல் கீறலில் சிறிதளவு இட்டால் நோய் கடுமையாகத் தாக்காது என்று மேதருக்குச் சொன்னவர் அவர்.

1721இல் கப்பல் வழியாகப் பெரியம்மை வந்தது. மருத்துவர் சாப்டியேல் பாய்ல்ஸ்டன் தன் ஆறு வயது மகனுக்கும் அடிமைகள் இருவருக்கும் முதலில் அந்தக் கீறலைப் போட்டார். ஊரே கொதித்தது, மேதர் வீட்டுக்குள் வெடிகுண்டு வீசினார்கள். இயல்பாக நோய் தொற்றியவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவர் இறந்தார். கீறல் போட்டுக்கொண்டவர்களில் நாற்பதில் ஒருவர்தான்.