மல்லிக் காட் பூச்சந்தையில் படமெடுப்பது எப்படி? கேள்வி பதில்

கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில், ஹௌரா பாலம் இறங்கும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது மல்லிக் காட். 1855இல் ராம்மோகன் மல்லிக் தம் தந்தையின் நினைவாகக் கட்டிய படித்துறை. இன்று அதைச் சுற்றி நடப்பது மிகப் பெரிய மொத்தப் பூச்சந்தை. அங்கே மக்களின் அன்றாட வாழ்க்கையைப் படமெடுப்பது பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

எத்தனை மணிக்குப் போக வேண்டும், அக்கா? ஒருவர் நான்கு மணி என்கிறார், இன்னொருவர் எட்டு மணி என்கிறார்.

இரண்டுமே சரிதான். நீங்கள் எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விடியும் முன்பே சரக்கு இறங்கத் தொடங்கிவிடும். அப்போது பல்பு வெளிச்சத்தில் மூட்டை பிரிப்பதும் விலை பேசுவதும் நடக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கொல்கத்தா நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது. ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். ஜனவரியில் ஆறேகால் ஆகும், பனிமூட்டமும் இருக்கும். நம் ஊர்க் கணக்கில் ஆறு மணிக்குக் கிளம்பினால், கோடையில் நல்ல வெளிச்சம் போன பிறகுதான் போய்ச் சேருவீர்கள்.

இன்னொன்று, சூரியன் நகரத்தின் பக்கம், கட்டடங்களுக்குப் பின்னால் எழுகிறது. எனவே காலை வெயில் முதலில் பாலத்தின் இரும்பிலும் ஆற்றிலும் படும். சந்தை நடக்கும் சந்தின் உள்ளே தாமதமாகத்தான் வரும். நான் இருட்டில் சந்துக்குள் இருப்பேன், உதயத்தின்போது படித்துறைக்கு வருவேன், ஏழு ஏழரைக்கு மறுபடி உள்ளே போவேன். அப்போது தார்ப்பாய்களின் இடைவெளி வழியாக வெயில் கீற்றுக் கீற்றாக விழும். அந்தக் கீற்றில் ஒரு முகம் வந்து நிற்கும்வரை காத்திருப்பதுதான் வேலை.

செண்டுமல்லி மாலைகளை எடுத்தால் வெறும் ஆரஞ்சுக் குழம்பாக வருகிறது. இதழே தெரிவதில்லை. கேமரா பழுதா?

பழுதில்லை. அந்த நிறம் அப்படிப்பட்டது. செண்டுமல்லியின் ஆரஞ்சில் சிவப்புப் பங்கு மிக அதிகம். படத்தின் மொத்த வெளிச்சம் சரியாக இருப்பதாகக் கேமரா நினைக்கும் நேரத்தில், சிவப்பு மட்டும் எல்லையைத் தாண்டியிருக்கும். அங்கே இதழின் மடிப்பு, நிழல் எல்லாம் அழிந்துவிடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை, அதாவது கேமரா திரையில் வரும் வெளிச்ச வரைபடத்தை, வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால், எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, மூன்றில் இரண்டு ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). கேமரா மெருகேற்றாத ரா ஃபைலாக எடுத்தால் நிழல்களைப் பிறகு மீட்டுக்கொள்ளலாம். எடிட்டிங்கில் ஆரஞ்சை இன்னும் ஏற்றாதீர்கள்; எனக்குச் சற்றுக் குறைத்துப் பார்க்கவே பிடிக்கும். நேர் வெயிலைவிட நிழலில்தான் இந்தப் பூ அழகாகப் பதியும்.

நீலத் தார்ப்பாய்க்குக் கீழே எடுத்தால் வேறொரு தொல்லை உண்டு. முகங்களெல்லாம் நோயாளி போல் நீலம் பாய்ந்து தெரியும். நிறத்தைச் சமன்செய்யும் தானியங்கி வொயிட் பேலன்ஸை நம்பாமல், அங்கே வெள்ளையாகக் கிடக்கும் சம்பங்கிக் கட்டை வைத்துச் சரிசெய்யுங்கள்.

அனுமதி கேட்டால் எல்லோரும் கேமராவைப் பார்த்து விறைத்து நிற்கிறார்கள். கேட்காமல் எடுத்தால் மனம் உறுத்துகிறது. என்ன செய்வது?

உறுத்துவது நல்லதுதான். அது அவர்கள் வேலை செய்யும் இடம், நாம் இடையில் வந்தவர்கள். முதலில் கேமராவை எடுக்காமல் ஒரு கடை அருகே நில்லுங்கள். பக்கத்தில் தேநீர் வாங்கிக் குடியுங்கள். பிறகு "தாதா, ஏக்டா சொபி துலி?" என்று கேளுங்கள். "அண்ணா, ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று பொருள். பெண்களை "திதி" என்றும், வயதான பெண்களை "மாஷி" என்றும் அழைக்கலாம். பாரம் சுமப்பவர்களில் பலர் பீகார்க்காரர்கள். அவர்களிடம் "பையா" என்று இந்தியில் பேசலாம். விறைத்து நிற்கும் முதல் படத்தையும் மரியாதையாக எடுத்துக் காட்டுங்கள். அதன்பிறகு அவர்கள் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். உங்கள் படம் அப்போதுதான் தொடங்குகிறது.

தலையில் பாரத்தோடு வருபவரை மட்டும் ஒருபோதும் நிறுத்தாதீர்கள். கழுத்து முழுக்க எடையோடு வழுக்கும் தரையில் நடப்பவரை நமக்காக ஒரு நொடி நிற்கச் சொல்வது கொடுமை. சுவரிலோ தூணிலோ முதுகைச் சாய்த்து வழிவிட்டு நின்று எடுங்கள். ஷட்டர் வேகம் 1/250 நொடி இருந்தால் அசைவு நிற்கும். அசைவே வேண்டுமென்றால் 1/20 வைத்து, அவர் நடையோடு கேமராவைத் திருப்புங்கள்.

அடுத்த முறை போகும்போது பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதைவிடக் கையில் கொடுக்கும் படத்துக்கு மதிப்பு அதிகம்.

பணம் கேட்டால்?

படத்துக்குப் பணம் கொடுக்க மாட்டேன். அவர்களிடம் பூ வாங்குவேன்.

படித்துறையில் குளிக்கும் பெண்களை எடுக்கலாமா? பொது இடம்தானே?

வேண்டாம். பொது இடம் என்பதால் அவர்கள் சம்மதித்துவிட்டதாக ஆகாது. தொலைவிலிருந்து நீண்ட லென்ஸில் எடுப்பது அதைவிட மோசம். படித்துறையில் கரணம் போட்டுக் குதிக்கும் சிறுவர்களையும், பக்கத்தில் பெரியவர்கள் இருந்தால் அவர்களைக் கேட்டுவிட்டே எடுங்கள். குஸ்திப் பயிற்சி செய்பவர்களை ஆற்றங்கரையில் பார்த்தால், அவர்களில் மூத்தவரிடம் சொல்லிவிட்டு எடுக்கலாம்.

மொபைல் போதுமா?

தாராளமாகப் போதும். நெருக்கமான சந்தில் பெரிய கேமராவைவிட வசதிகூட.

எல்லோரும் எடுக்கும் அதே படம்தான் எனக்கும் வருகிறது: மாலைக் குவியல், சுமக்கும் மனிதர், பின்னால் பாலம். புதிதாக என்ன எடுப்பது?

இடத்தை விட்டுவிட்டு, ஒரு பூவைப் பின்தொடருங்கள். பான்ஸ்குரா, கோலாகாட், ராணாகாட் போன்ற ஊர்களில் பூ விளைகிறது. தென்மேற்கே மேதினிபூர்ப் பக்கத்திலிருந்து வரும் சரக்கில் பெரும்பகுதி ரயிலில் ஹௌரா நிலையத்துக்கு வந்து, பாலத்தைக் கடந்து சந்தைக்கு வருகிறது. அந்த வழியிலேயே ஒரு காலை முழுவதற்கும் படம் இருக்கிறது.

செம்பருத்தி ஒரே நாளில் வாடிவிடும். அதனால் மொட்டாகவே கொண்டுவந்து கோக்கிறார்கள். அது காளிக்கு உரிய பூ. துர்கா பூஜையில் அஷ்டமியும் நவமியும் சந்திக்கும் வேளையில் நடக்கும் சந்தி பூஜைக்கு 108 தாமரை வேண்டும். அந்த நாட்களுக்கு முன்னால் தாமரைக் கட்டுகளை எண்ணும் விரல்களைப் பாருங்கள். கல்யாணக் காலத்தில் சம்பங்கி மாலைகள் குவியும். நமக்கு மார்கழி போலவே அவர்களுக்குப் பௌஷ மாதத்தில் கல்யாணம் கிடையாது. அதே கடை அந்த மாதத்தில் எப்படி இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். சந்தையின் ஓய்ந்த முகத்தை யாரும் எடுப்பதில்லை என்பது என் நீண்ட நாள் குறை.

அகன்ற காட்சியைக் கைவிடுங்கள். 35 அல்லது 50 மி.மீ. லென்ஸோடு ஒரே கடையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். நூல் இழுக்கும் விரல், தண்ணீர் தெளிக்கும் கை, ரூபாய் நோட்டைப் பிரித்து எண்ணும் ஈரக் கட்டைவிரல் ஆகியவை ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். பாலம் அங்கேயேதான் நிற்கும், அவசரமில்லை.

பாலத்தின் மேலிருந்து சந்தையை எடுக்க ஆசை. டிரோன் பறக்கவிடலாமா?

1943இல் திறக்கப்பட்ட, 705 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தின் மீது படமெடுக்கப் பாதுகாப்புக் காரணங்களுக்காக நெடுங்காலமாகவே கட்டுப்பாடு உண்டு. காவலர் தடுத்தால் வாதாடாமல் கீழே இறங்கிவிடுங்கள். ட்ரைபாட் விரிப்பதை நினைக்கவே வேண்டாம். டிரோனுக்கு 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் பொருந்தும்; அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் அந்தப் பகுதி எந்த மண்டலம் என்று பார்க்காமல், அனுமதி பெறாமல் பறக்கவிடக் கூடாது. அதற்குப் பதில், ஹௌராவிலிருந்து இக்கரைப் படகுத்துறைக்கு வரும் பயணிகள் படகில் ஏறுங்கள். கரையும் படித்துறையும் பாலமும் ஒன்றாகத் தெரியும். உயரம் கிடைக்காது, ஆனால் தூரம் கிடைக்கும். அந்தச் சந்தைக்கு எனக்குத் தூரமே பிடித்திருக்கிறது.

சேறு, மழை, ஈரம். சாமான்களை எப்படிக் காப்பது?

ஏசி அறையிலிருந்து வெளியே வந்தவுடன் லென்ஸில் நீராவி படியும். கேமராவைப் பைக்குள்ளேயே மூடி வைத்து, வெளிச் சூட்டுக்குப் பழகியபின் எடுங்கள். சந்துக்குள் லென்ஸ் மாற்றாதீர்கள். தரை முழுக்க நசுங்கிய பூவும் தண்ணீரும்தான். பிடிமானமுள்ள, கழுவக்கூடிய காலணி போடுங்கள். தோள்பையை முன்பக்கமாக மாட்டுங்கள், பின்னால் மாட்டினால் மாலைகளில் உரசி உதிர்த்துவிடும்.