முட்டையைப் பெயர்க்காதீர்கள்

கேள்வி: காட்டில் பிடித்து இறக்குமதியான டோக்கே பல்லி ஜோடி வாங்கினேன். பத்து நாளாக ஆண் இரையைத் தொடவில்லை. பெண் தொட்டிக் கண்ணாடியில் இரண்டு முட்டை இட்டு ஒட்டியிருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் தண்ணீர், பிறகுதான் தீனி. பயணத்தில் வறண்ட பல்லி பசித்தாலும் தின்னாது. காலை, இரவு கண்ணாடியில் தண்ணீர் தெளியுங்கள். துளிகளை நக்கிக் குடிக்கும். தொட்டியின் மூன்று பக்கமும் மறைத்து, ஒளிந்துகொள்ள மரப்பட்டைக் குழாய் நிறுத்துங்கள். வெப்பம் 26–30 டிகிரி செல்சியஸ். கையில் எடுக்கவே வேண்டாம், பாவம், ஏற்கெனவே மிரண்டிருக்கிறது. குடற்புழு இருக்கிறதா என்று பார்க்க, புது எச்சத்தை ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்; எடை பார்க்காமல் புழுமருந்து கொடுப்பது ஆபத்து.

முட்டை ஓடு கெட்டியாக ஒட்டியிருக்கும், சுரண்டினால் உடையும். துளையிட்ட பிளாஸ்டிக் கிண்ணத்தை அதன்மேல் கவிழ்த்து ஒட்டுங்கள். பெரியவை குஞ்சைத் தின்னாமலிருக்க இதுவே வழி. பொரிய மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 2019-இல் சேர்ந்த இனம் இது. இறக்குமதிச் சான்றைக் கேட்டு வாங்கி வையுங்கள்.