கடிதத்தின் பின்பக்கக் கணக்கு

கேள்வி: எனக்கு 38 வயது. ஊர் பாம்பன் பக்கம். கடலில் பாசி எடுக்கிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் 12 நாள்தான் வேலை. வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். மூத்தவள் பிளஸ் டூ. அவளை நர்சிங் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. சின்னவளுக்கு 7 வயது. பால்மாவு டப்பாவில் 6,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தேன். கொழுந்தனார் வல்லத்தில் என்ஜின் பழுது என்று வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டார். கேட்டால், "எங்கிட்ட மறைச்சது உன் தப்பு" என்கிறார். அடுத்த மாதம் கொழுந்தனார் மகளுக்குச் சடங்கு. ஒரு பவுன் போட வேண்டும் என்கிறார் மாமியார். எனக்கென்று காசு வைத்துக்கொள்வது தப்பா அக்கா?
– பெயர் வேண்டாம்

பதில்: தப்பே இல்லை தங்கச்சி. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தைவிட அதன் பின்பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளின் நோட்டில் கிழித்த தாள் போலிருக்கிறது. பென்சிலில் ஒரு கணக்கு: குழு 2,150, அடகு வட்டி 800, கடை 1,400, கோயில் வரி 500, அத்தை மாத்திரை 300. மொத்தம் 5,150. கீழே ஒரு கோடு, அதோடு சரி. நர்சிங் என்ற சொல் அங்கே இல்லவே இல்லை. குழுக்காரர் செவ்வாய்க்கிழமை வாசலில் வந்து நிற்பார், அவருக்கு ஒரு வரி. கடைக்காரர் ஆள் விட்டுக் கேட்பார், அவருக்கு ஒரு வரி. வாய்விட்டுக் கேட்காத செலவு உங்கள் ஆசை ஒன்றுதான். மிஞ்சினால் பார்க்கலாம் என்று விட்டது எந்த வீட்டில் மிஞ்சியிருக்கிறது?

வரிசையை மாற்றுங்கள். பாசி வியாபாரி காசு தந்த அன்றே முதல் வரியாக 'நர்சிங்' என்று எழுதி, 300 ஆனாலும் 500 ஆனாலும் எடுத்து வைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குக் கீழே.

ஆனால் டப்பா வேண்டாம். டப்பாவில் கிடக்கும் காசுக்குப் பெயர் கிடையாது. கண்ணில் பட்டவருக்கு அது 'சும்மா கிடந்த காசு'. தபால் நிலையத்தில் 500 ரூபாய் கட்டி உங்கள் பெயரில் மட்டும் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். வட்டி 4 சதவீதம்தான். இருந்தாலும் உங்கள் கையெழுத்து இல்லாமல் பணம் நகராது. அங்கே யாராவது மாதாமாதம் கட்டும் ஆர்டி போடச் சொல்லலாம். அது 5 வருடக் கணக்கு, உங்களுக்கோ அடுத்த ஜூனில் பணம் வேண்டும். சின்னவளுக்கு 10 வயது ஆவதற்குள் செல்வமகள் கணக்கு தொடங்கிவிடுங்கள், வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினாலே போதும். உரிமைத்தொகை வரும் கணக்கின் ஏடிஎம் கார்டு வீட்டுக்காரர் சட்டைப்பையில் இருப்பதாக ஓரத்தில் கிறுக்கியிருக்கிறீர்கள். அதை வாங்கி, ரகசிய எண்ணையும் மாற்றுங்கள். மாதம் 1,000 ரூபாய் உங்கள் பெயருக்கு வருகிற பணம்.

ஜூன் என்றேன் அல்லவா, அங்கேதான் நம் கரையில் எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வீட்டில் காசு வற்றிக் கிடக்கும்போதுதான் கல்லூரிச் சேர்க்கையும் பள்ளித் திறப்பும் வருகின்றன. அதனால் ஏப்ரலுக்கு முன் சேர்வதுதான் கணக்கு. மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தால் சேமிப்பு நிவாரணத் திட்டத்தை விடாதீர்கள். நாம் 1,500 கட்டினால் அரசு 3,000 சேர்த்து, 4,500 ஆகத் திரும்ப வரும். அதையும் முதல் வரியில் சேருங்கள்.

இனி அந்த 800 ரூபாய். சங்கிலியை அடகு வைத்து வாங்கிய 40,000 ரூபாய்க்கு ரெண்டு வட்டி, அதாவது மாதம் நூற்றுக்கு ரெண்டு ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். வருடத்துக்கு 9,600! அதே சங்கிலியை வங்கியில் வைத்து, வட்டி 10 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் 4,000தான். மிச்சம் 5,600, கிட்டத்தட்ட உங்கள் பால்மாவு டப்பா. வங்கியில் முன்கூட்டியே மதிப்புக் கேட்டு வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்குக் கைமாத்து வாங்குங்கள். காலையில் நகையைத் திருப்பி, மதியத்துக்குள் வங்கியில் வைத்து, சாயங்காலம் கைமாத்தை அடைத்துவிடலாம். ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும். பிறந்த வீட்டில் போட்ட நகை பெண்ணுக்கே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது.

சடங்குக்கு ஒரு பவுனா? மொய் நோட்டை எடுங்கள். உங்கள் மூத்தவள் சடங்குக்கு அவர்கள் என்ன செய்தார்களோ, அதைத் திருப்பிச் செய்யுங்கள். மேலே ஒரு கிராம் கூட வேண்டாம். கடன் வாங்கிச் சீர் செய்வதை என்னால் பாசம் என்று சொல்ல முடியவில்லை. மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வைத்துக்கொள்ளட்டும், ஒரு வாரம்.

வீட்டுக்காரர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. இனி மறைக்காதீர்கள். அவருக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல்; படகு போகாத நாளில், சாப்பிட்டு முடித்த பிறகு, பாஸ்புக்கை முன்னால் வையுங்கள். "இது பாப்பா நர்சிங் காசு. ஏப்ரலுக்குள்ள இவ்வளவு சேரணும். உங்க பங்குல என்ன தர்றீங்க?" அனுமதி கேட்கிற குரல் வேண்டாம், கணக்கு கேட்கிற குரலில் கேளுங்கள். கத்தினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பாஸ்புக்கை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

அந்த 6,000 ரூபாயைத் தொலைந்ததாக எழுதாதீர்கள். நோட்டில் கொழுந்தனார் பெயரைப் போட்டு, தேதியும் போட்டு, 'என்ஜினுக்குக் கொடுத்த கைமாத்து' என்று எழுதுங்கள். அதை வீட்டுக்காரர் பார்க்கும்படி உட்கார்ந்து எழுதுங்கள்.