பாசி படர்ந்த ஏரி புவியைச் சூடாக்குமா?

“பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுகிறதே, அப்புறம் ஆழமில்லாத பச்சை ஏரி எப்படிப் புவியைச் சூடாக்கும்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

உறிஞ்சுவது உண்மைதான். ஆனால் அந்தப் பாசி செத்து அடியில் சேறாகப் படிகிறது. அது மட்கும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. பிறகு அங்கே மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களின் ராஜ்ஜியம்தான். கோடையில் ஒரு கம்பால் சேற்றைக் குத்திப் பாருங்கள், குபுகுபுவெனக் குமிழிகள் கிளம்பும். அதில் நிறைய மீத்தேன் இருக்கும்.

ஆழமான ஏரியில் மேலே வருவதற்குள் குமிழி கரையும், கரைந்த மீத்தேனில் பெரும்பகுதியை வேறு பாக்டீரியாக்கள் தின்றுவிடும். இரண்டு மீட்டர் ஆழத்தில் அதற்கு நேரம் ஏது? 100 ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு சூடாக்கும். பாசியை வாரியெடுத்தால் மட்டும் போதாது. கழிவுநீரோடும் உரத்தோடும் வந்து பாசிக்குத் தீனியாகும் பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் முதலில் தடுக்க வேண்டும்.