மறுமொழி: தோள்பட்டை அறுவைக்குப் பின் குறுக்குவில் எடுக்கலாமா?

வணக்கம் ஐயா. தோள்பட்டை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு 45 பவுண்டு இழுவிசை தேவைப்படும் வில்லை இழுக்க முடியவில்லை என்றும், பென்சில்வேனியாவில் இந்த ஆண்டு மான் வேட்டைக்குக் குறுக்குவில் (துப்பாக்கிபோல் விசையை அழுத்தி எய்யும் கிராஸ்போ) எடுத்தால் கூட்டாளிகள் ஏளனம் செய்வார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். சட்டத்தில் தடையில்லை, அம்மாநிலம் 2009 முதல் வில்வேட்டைப் பருவத்தில் குறுக்குவில்லை அனுமதிக்கிறது. (ஓரிகன் மாநிலமாக இருந்தால் கதையே வேறு, அங்கே வேட்டைக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது.)

ஏளனத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. மான் அருகில் வந்து நிற்கும்போது அதன் கண்ணில் படாமல் நாணை இழுத்து, கை நடுங்காமல் பிடித்திருப்பதுதான் மரபுவில்லின் கடினம். குறுக்குவில்லில் நாண் முன்பே ஏற்றப்பட்டு விசையில் மாட்டி நிற்பதால் அந்தச் சோதனை இல்லை. வில்வேட்டைச் சாதனைகளைப் பதிவுசெய்யும் அமெரிக்க அமைப்பான போப் அண்ட் யங் கழகமும் குறுக்குவில்லால் வீழ்த்தப்பட்ட விலங்குகளைத் தன் பதிவேட்டில் சேர்ப்பதில்லை. ஆயினும், முழுதும் இழுத்தபின் எடையில் பெரும்பகுதியைக் கப்பிகளே தாங்கிக்கொள்ளும் காம்பவுண்ட் வில்லை ஏந்தியபடி ஒருவர் மரபு பேசினால், அந்த வாதம் எனக்கு விளங்கவில்லை. வலியோடு இழுத்து, குறி தவறி, மானைக் காயத்தோடு ஓடவிடுவதைக் காட்டிலும் குறுக்குவில் எவ்வளவோ மேல்.

குறுக்குவில்லின் நாணை ஏற்ற உதவும் தனிக் கயிறு, நீங்கள் இழுக்க வேண்டிய எடையை ஏறத்தாழப் பாதியாக்கும். அதுவும் தோளுக்குச் சுமையென்றால் கைப்பிடியைச் சுழற்றி நாணேற்றும் வகையை வாங்குங்கள். அடுத்த அம்பைப் பூட்ட நேரமாகும் என்பதால் 40 கெஜத்துக்கு அப்பால் எய்ய ஆசைப்படாதீர்கள். மரத்தில் அமைத்த வேட்டை மேடைக்கு வில்லை அம்பில்லாமல் கயிற்றில் கட்டி மேலேற்றுங்கள். எய்யும்போது தாங்கும் கையின் கட்டைவிரல் நாண் ஓடும் தடத்துக்குக் கீழேயே இருக்கட்டும்.