கெட்ட செய்தி முதலில் உங்களிடம் வரட்டும்

பணியிடம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, மருத்துவமனைகளில் நர்சிங் சூப்பரின்டென்டென்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: என்னோடு வேலை பார்த்த எட்டுப் பேருக்கு என்னையே டீம் லீடர் ஆக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் பக்கத்தில் போனாலே பேச்சு நின்றுவிடுகிறது. வாரக் கூட்டத்தில் "யாருக்காவது பிரச்சினை இருக்கிறதா?" என்று கேட்டால், "எல்லாம் ஓகே" என்கிறார்கள். போன மாதம் ஒரு வேலை இரண்டு வாரம் பின்தங்கியிருந்தது, வாடிக்கையாளர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. பழைய நட்பைத் திரும்பப் பெற என்ன செய்வது?
— மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றும் வாசகர்

பதில்: நட்பு இருக்கட்டும். வாடிக்கையாளர் சொல்லித் தெரிந்தது என்கிறீர்களே, எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது.

உங்கள் நண்பர்கள் மாறிவிடவில்லை. இப்போது அவர்கள் லீவுக்குக் கையெழுத்துப் போடுவது நீங்கள், அப்ரைசல் எழுதுவதும் நீங்கள். அந்த அதிகாரம் இருக்கிற ஒருவரிடம் போய் "என்னால் முடியவில்லை" என்று சொல்ல எவருக்கும் தயக்கம் வரும். நீங்கள் எவ்வளவு சிரித்துப் பேசினாலும் அது தானாகப் போய்விடாது. பதவி வந்த அன்றே ஒருவருக்குச் செய்தி வருவது பாதியாகக் குறைந்துவிடுகிறது. அதிலும் முதலில் நிற்பது கெட்ட செய்தி. அதைத் திரும்ப வரவழைப்பதுதான் நிர்வாகியின் முதல் வேலை என்பது என் உறுதியான எண்ணம்.

எட்டுப் பேர் முன்னால் "பிரச்சினை இருக்கிறதா?" என்று கேட்டால், தன் குறையை ஏழு பேர் முன்னால் சொல்லச் சொல்கிறீர்கள் என்றுதான் ஆகும். தனித்தனியாகப் பேசுங்கள். வாரம் ஒரு முறை, முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கிழமையும் நேரமும் மாறாமல் இருக்கட்டும். இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்டி குரோவ் இந்தத் தனிச் சந்திப்பை மிகவும் வலியுறுத்தியவர். அது கீழே வேலை செய்பவருடைய கூட்டம், எதைப் பேசுவது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும், குறைந்தது ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும் என்பார். உங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைக்காவிட்டால் அரை மணி நேரம் வையுங்கள். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு முறை தள்ளிப்போட்டால், நீங்கள் அதை எவ்வளவு முக்கியமாக நினைக்கிறீர்கள் என்பது அவர்களுக்குப் புரிந்துவிடும்.

சிகாகோ பக்கத்தில் ஹாதார்ன் என்ற தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையில் 1928-ல் தொடங்கி இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பேட்டி எடுத்தார்கள். முதலில் கேள்விகளைத் தயாராக வைத்துக்கொண்டுதான் போனார்கள். தொழிலாளர்கள் அந்தக் கேள்விகளை விட்டுவிட்டுத் தங்கள் மனதில் இருந்ததையே பேசினார்கள். கடைசியில் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, பேசுகிறவர் போக்கிலேயே பேச விட்டார்கள். அப்போதுதான் விஷயம் வந்தது.

ஆனாலும் ஒரு கேள்வியாவது கூர்மையாக இருக்க வேண்டும். நான் இரவு ரவுண்ட்ஸ் போகும்போது வார்டு நர்ஸிடம் "எல்லாம் சரியா?" என்று கேட்க மாட்டேன். "சரி மேடம்" என்பதைத் தவிர அதற்கு வேறு பதில் கிடையாது. "இந்த ராத்திரி உங்களுக்குப் பயமாக இருக்கிற நோயாளி யார்?" என்று கேட்பேன். உடனே ஒரு படுக்கை எண் வரும். "பன்னிரண்டு. மூச்சு கொஞ்சம் வேகமாக இருக்கிற மாதிரி தெரிகிறது" என்பார். அந்த "மாதிரி தெரிகிறது" எனக்குப் பெரிய தகவல். சார்ட்டில் அது ஏறுவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் ஆகலாம். நீங்கள், "இப்போது கையில் இருப்பதில் எது தேதிக்கு முடியாது என்று தோன்றுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். ஏதோ ஒன்று முடியாது என்பதைக் கேள்வியே ஒப்புக்கொள்வதால் பதில் சொல்கிறவருக்குத் தயக்கம் குறைகிறது.

அப்புறம், முதல் முறை ஒருவர் கெட்ட செய்தி சொல்லும்போது உங்கள் முகத்தைக் கவனியுங்கள். எட்டுப் பேருக்கும் அது போய்ச் சேரும். "இப்போதே சொன்னது நல்லதாகப் போயிற்று. அடுத்து என்ன செய்யலாம்?" இவை முதலில் வர வேண்டும். "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்பதை அன்றைக்குக் கேட்கவே வேண்டாம்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்து 1996-ல் எழுதினார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் ஆரம்பித்தார். கணக்கு எடுத்தால் அங்கேதான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அந்த வார்டுகளில் தவறை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே காரணம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். என்னைப் போன்ற நர்ஸுகளுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. தவறே பதிவாகாத வார்டில்தான் நான் அதிக நேரம் நிற்பேன்.

கேள்வி: கணக்குப் பிரிவில் நான்கு பேருக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். வேலையைக் கொடுத்தால் தப்பும் தவறுமாகத் திரும்பி வருகிறது. திருத்துகிற நேரத்தில் நானே முடித்துவிடலாம். அவர்கள் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுகிறார்கள், நான் ஒன்பது மணி வரை உட்கார்ந்திருக்கிறேன். எப்படிப் பழக்குவது?
— ஒரு வாசகி

பதில்: ஒன்பது மணி வரை உட்கார்ந்து திருத்துகிறீர்களே, தாங்கள் செய்ததில் தவறு இருந்தது என்று அவர்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றே நினைக்கிறேன். காலையில் வந்து பார்த்தால் வேலை முடிந்திருக்கிறது, யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்படியானால் தாங்கள் செய்தது சரி என்றுதானே அவர்கள் நினைப்பார்கள்? நாளை முதல் திருத்தாதீர்கள். தவறான இடத்தைக் காட்டித் திருப்பிக் கொடுங்கள், அவர்கள் கையாலேயே திருத்தட்டும். முதல் சில வாரம் தாமதம் ஆகும். அதை உங்கள் மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கையில் ஊசி ஏற்றி டிரிப் போட ஒரு புதிய நர்ஸுக்கு எப்படிச் சொல்லித் தருகிறோம்? முதலில் பார்க்கிறார். பிறகு நம்மோடு சேர்ந்து செய்கிறார். பிறகு நாம் பக்கத்தில் நிற்க அவரே செய்கிறார். அதற்கும் பிறகுதான் தனியாக. அலுவலகங்களில் நடுவில் இருக்கிற இரண்டு படிகளையும் விட்டுவிடுகிறார்கள். "பார்த்தீர்கள் அல்லவா, செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்புறம் தவறு வந்தால் ஆள் சரியில்லை என்கிறார்கள்.

ஒரே ஆளை எல்லா வேலைக்கும் ஒரே அளவில் கண்காணிக்கவும் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய நர்ஸ், டயாலிசிஸ் பிரிவுக்கு வந்த முதல் வாரம் புதியவர்தான். பக்கத்தில் நிற்பது அவரை அவமதிப்பது ஆகாது. உங்கள் நால்வரில் யாருக்கு எந்த வேலை எவ்வளவு பழக்கம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மாத முடிவுக் கணக்கில் கை தேர்ந்தவர் வரிக் கணக்கைத் தொட்டே இருக்க மாட்டார்.

ஒப்படைக்கும்போது முழு வேலையாகக் கொடுங்கள். முடிந்தால் அது எப்படி இருக்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்தி உங்களிடம் காட்ட வேண்டும், இந்த இரண்டையும் சொல்லுங்கள். எப்படிச் செய்வது என்பதை அவர்களிடமே விடுங்கள். உங்கள் வழியை விட நல்ல வழி அவர்களிடம் இருக்கலாம்.

கேள்வி: என் டீமில் ஒருவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவரிடம் வேலை சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: அழைப்பதில் மரியாதை முழுமையாக இருக்கட்டும். வேலையின் தரத்தில் மட்டும் மற்றவர்களுக்கு ஓர் அளவு, அவருக்கு ஓர் அளவு வேண்டாம், அவருக்கே அது பிடிக்காது. எந்த மாற்றமாக இருந்தாலும் கூட்டத்துக்கு முன்பே அவரிடம் தனியாகச் சொல்லிக் கருத்துக் கேளுங்கள். கேட்டபின் முடிவை நீங்கள் சொல்லுங்கள். அவர் பின்னால் ஒளிந்துகொள்ளாதீர்கள்.

கேள்வி: மிக நன்றாக வேலை செய்து வந்த ஒருவர் மூன்று மாதமாகச் சரியில்லை. பயிற்சி வகுப்பில் முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி பாராட்டு என்று 'சாண்ட்விச்' முறை சொல்லித் தந்தார்கள். அப்படியே பேசினேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். எதுவும் மாறவில்லை.
— கிளை மேலாளர்

பதில்: அவர் காதில் விழுந்தது பாராட்டு மட்டும். எனக்கு அந்த முறையில் நம்பிக்கை கிடையாது. இரண்டு மூன்று முறை ஆனதும், நீங்கள் பாராட்ட ஆரம்பித்தாலே அடுத்து என்ன வருமோ என்று பயப்படுவார்கள். உண்மையான பாராட்டும் அதோடு கெட்டுப்போகும்.

குறை சொன்னால் வேலை மேம்படும் என்று நாம் நம்புகிறோம். கிளுகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் வேலையைப் பற்றிக் குறையோ நிறையோ கருத்துச் சொல்வதன் பலன் குறித்த அறுநூறுக்கும் மேற்பட்ட ஒப்பீடுகளைத் திரட்டி 1996-ல் வெளியிட்டார்கள். சராசரியாகப் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், கருத்துச் சொன்ன பிறகு வேலை இன்னும் மோசமானது. பேச்சு வேலையை விட்டு ஆளைப் பற்றியதாக மாறும்போதுதான் அந்த ஆபத்து அதிகம் என்பது அவர்கள் விளக்கம். வார்டில் இதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். "உங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்று கேட்ட நர்ஸ், அன்று முழுக்கத் தன் பொறுப்பைப் பற்றித்தான் யோசிப்பார். நோயாளி மேல் கவனம் இருக்காது.

அதனால் நடந்ததை மட்டும் சொல்லுங்கள். காலை ஆறு மணிக் குறிப்புகளைத் தாமதமாக எழுத ஆரம்பித்த ஒரு நர்ஸிடம் நான் பேசியது இப்படி: "மூன்று நாளாக ஆறு மணிக் குறிப்பு எட்டு மணிக்குத்தான் சார்ட்டில் வருகிறது. டாக்டர் ஏழரைக்கு ரவுண்ட்ஸ் வரும்போது ராத்திரி காய்ச்சல் எவ்வளவு இருந்தது என்று தெரியவில்லை. என்ன நடக்கிறது?" அவ்வளவுதான். பிறகு நான் பேசவில்லை. இந்த மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள், நீங்களே பதிலையும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

விஷயம் என்னவென்றால், ஐந்தரை மணிக்கு இரத்த மாதிரிகளை லேபுக்குக் கொண்டுபோகும் உதவியாளரை வேறு பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். இவரே எடுத்துக்கொண்டு போய்விட்டு வருகிறார். அந்த நேரம்தான் குறிப்பில் காணாமல் போகிறது. அவரைத் திட்டியிருந்தால் ஒரு வாரம் ஓடிப்போய் ஓடிவந்து எழுதியிருப்பார், அவ்வளவுதான். நன்றாக வேலை செய்தவர் திடீரென்று தளர்ந்தால், அவரைச் சுற்றி என்ன மாறியது என்று முதலில் பாருங்கள். மூன்று மாதத்துக்கு முன்பு உங்கள் கிளையில் என்ன நடந்தது? யாராவது போனார்களா, வேலை எதுவும் கைமாறியதா?

வீட்டுப் பிரச்சினை என்று சொன்னால் துருவ வேண்டாம். வேலையில் எதைக் குறைத்தால் உதவியாக இருக்கும், எது வரைக்கும் என்று கேட்டு ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் செய்தும் மாறவில்லை என்றால், இப்படியே போனால் என்ன ஆகும் என்பதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். மனம் நோகும் என்று மறைத்துவைத்து அப்ரைசல் அன்று சொல்வது கொடுமை. அன்று ஒருவர் தன்னைப் பற்றிப் புதிதாக எதையும் கேள்விப்படக் கூடாது.

கேள்வி: எனக்குக் கோபம் வந்தால் சத்தம் போட்டுவிடுவேன். ஐந்து நிமிடத்தில் மறந்தும்விடுவேன். வேலைக்காகத்தான் கத்துகிறேன் என்பது என் ஆட்களுக்குத் தெரியும். இதில் என்ன தவறு?
— உற்பத்திப் பிரிவு வாசகர்

பதில்: நீங்கள் மறந்துவிடுவீர்கள், அவர்கள் மறக்க மாட்டார்கள். உங்கள் நல்ல மனதை நான் சந்தேகிக்கவில்லை. உங்களுக்குச் சொல்லாமல் விடப்படும் விஷயங்களை நினைத்துத்தான் பயப்படுகிறேன்.

1977-ல் தெனெரிஃப் தீவில் பனிமூட்டத்தில் இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையில் மோதின. 583 பேர் இறந்தார்கள். புறப்பட ஓடிக்கொண்டிருந்த விமானத்தின் கேப்டன், தன் நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்த மூத்தவர். எதிர் விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று அவருடைய விமானப் பொறியாளர் சந்தேகத்தோடு கேட்டார். ஆமாம் என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் மறுபடி கேட்கவில்லை. அங்கே யாரும் யாரையும் திட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். பதவியும் உறுதியான குரலுமே ஒருவரை அடக்கப் போதுமாக இருந்தது. இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகுதான், கீழே இருப்பவர் சந்தேகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவும் கேப்டன் அதைக் கேட்கவும் விமானக் குழுக்களுக்குத் தனிப் பயிற்சி வந்தது. இன்று அறுவை சிகிச்சை அரங்குகளிலும் அந்த வழிமுறைகள் இருக்கின்றன.

உங்கள் இயந்திரத்தில் ஏதோ சத்தம் மாறியிருக்கிறது என்று ஒருவருக்குத் தோன்றினால், அதை உங்களிடம் சொல்லலாமா என்று யோசித்து நிற்கக் கூடாது. கோபம் வரும்போது "பத்து நிமிடம் கழித்துப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டுப் போங்கள். கத்திவிட்டீர்கள் என்றால், எத்தனை பேர் முன்னால் கத்தினீர்களோ அத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேளுங்கள். தனியறையில் கேட்டால் மற்றவர்கள் மனதில் முதல் காட்சிதான் நிற்கும்.

கேள்வி: தொடர் விடுமுறை வந்தால் எல்லாரும் ஒரே நாளில் லீவு கேட்கிறார்கள். யாருக்குக் கொடுத்தாலும் மற்றவர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார்கள்.
— வாடிக்கையாளர் சேவைப் பிரிவு வாசகி

பதில்: ரோஸ்டர் போடுவதுதான் என் வாழ்க்கையே. ஆகவே உறுதியாகச் சொல்கிறேன், லீவு கிடைக்காததை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். காரணம் தெரியாததைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

போன முறை யார் லீவு எடுத்தார்கள், யார் வேலைக்கு வந்தார்கள் என்று ஒரு பட்டியல் எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருக்கட்டும். போன முறை வேலை செய்தவருக்கு இந்த முறை முதல் உரிமை. குறைந்தது ஒரு மாதம் முன்பே அட்டவணையை வெளியிடுங்கள். தங்களுக்குள் மாற்றிக்கொள்ள அனுமதி கொடுங்கள். அனுபவம் உள்ளவர் ஒருவராவது ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனை போதும். குழந்தை இருக்கிறவருக்கே எப்போதும் லீவு, கல்யாணம் ஆகாதவர்தானே வேலை செய்யலாம் என்ற வழக்கம் பல இடங்களில் உண்டு. அது அநியாயம். அவருக்கும் வீடு இருக்கிறது.

அவசரம் என்று யாராவது வந்தால் விதியைத் தளர்த்தலாம். அப்போது வேலைக்கு வர ஒத்துக்கொண்டவர் பெயரைப் பட்டியலில் குறித்து வையுங்கள், அடுத்த முறை அவரே கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும், மற்றவர்களுக்கு உள்ள அதே முறைவரிசையில்.